திட்டக்குடிக்கு முப்பத்தொரு கிலோமீட்டர்

சொர்ணாம்பாளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் எழுதத் தெரியாது. அதையும் தொழிற்பேட்டையில் ஷெட் கேட்டு மனுப் போட்ட சமயத்தில், முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டார். ஆனால் சூளையிலிருந்து வந்து இறங்கிய சரக்கில் இரண்டு பீங்கான் ப்யூஸ் கட்டைகளை எடுத்து ஒன்றோடு ஒன்றைத் தட்டினால் போதும். "இது நல்லது. இது வெடிச்சிருக்குது, அந்தாண்ட போடு" என்பார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். அவர் ஒதுக்கியதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒரு கீறலும் தெரியாது. தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்தால் மட்டும், ஈரம் மயிரிழை போல ஒரு கோடாக நிற்கும்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை தொடங்கிய காலத்தில் கப்புகளுக்குக் காது ஒட்டும் கூலியாக வந்தவர் அவர். அங்கேயே அச்சு செய்துகொண்டிருந்த பழமலையைக் கட்டிக்கொண்டார். அறுபதுகளின் நடுவில் ஊர் ஊராகக் கரண்டு வந்தது. கிணற்றுக்குக் கிணறு மோட்டார் கொட்டகை, கொட்டகைக்குக் கொட்டகை ப்யூஸ். "ஊரெல்லாம் வெளக்கு எரியுது, நாம இன்னும் அடுத்தவன் கப்புக்குக் காது ஒட்டிக்கிட்டு இருக்கணுமா?" என்று புருஷனைக் கிளப்பி, தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தார். பழமலை அச்சு ஊற்றுவார், மண் பிசைவார், சரக்கைப் பொதுச் சூளைக்கு ஏற்றிவிடுவார். பேசமாட்டார். விலை, வசூல், சண்டை எல்லாம் சொர்ணாம்பாள்.

1971 ஆகஸ்டில் நான் அந்த ஷெட்டுக்குப் போனேன். எனக்கு இருபத்திரண்டு வயது. கருவேப்பிலங்குறிச்சியில் எங்கள் தெருவின் முதல் பட்டதாரி நான். சிதம்பரத்தில் பி.காம். படிக்க வைக்க அப்பா ஒரு ஜோடி உழவு மாட்டை விற்றார். வாடகை அங்கி போட்டு எடுத்த பட்டமளிப்புப் படம் எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு நடுவில் தொங்கியது. மாடு கட்டியிருந்த முளை வாசலில் வெறுமனே நின்றது. எனக்கு வேலை வேண்டும்; அந்த முளையில் மறுபடி மாடு கட்ட வேண்டும்.

சொர்ணாம்பாள் சொந்தமாக மண் அரைக்கும் மிஷின் போடுவதற்குப் பாங்கில் கடன் கேட்டிருந்தார். பாங்கை நடத்தும் ஏஜெண்டு, கடந்த மூன்று வருடத்துக்கும் ஐந்தொகை வேண்டும் என்றாராம். தொழிலுக்கு என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தர வேண்டும், நின்றது லாபமா நஷ்டமா என்று ஒரே தாளில் காட்டுகிற கணக்கு அது. ஷெட்டில் ஏற்கெனவே ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். தேவநாதன். தினமும் திட்டக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வரவு செலவை அன்றன்று எழுதி, பெட்டியில் இருக்கும் காசோடு சரிபார்த்துவிட்டுத்தான் சாயங்கால பஸ் ஏறுவார். அவருக்கு ஐந்தொகை போடத் தெரியாது.

"நீ என்னா தம்பி படிச்சிருக்கிற?" என்றார் சொர்ணாம்பாள்.

"பி.காம்.ங்க. அக்கவுண்டன்ட் வேலைக்கு."

"நம்மகிட்ட கணக்குப்புள்ள இருக்காரே. அவரு எழுதறதுக்கும் நீ எழுதறதுக்கும் என்னா வித்தியாசம்?"

இந்தக் கேள்விக்குப் பஸ்ஸிலேயே பதில் தயார் செய்து வைத்திருந்தேன். "வந்தது போனத அவரு எழுதுவாருங்க. அத வெச்சு உங்க தொழில் எப்படி இருக்குதுன்னு நான் சொல்லுவேன்."

தேவநாதன் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் எழுதலன்னா தம்பி எத வெச்சு சொல்லும்னு கேளுங்கம்மா."

கட்டைகளுக்குப் பிசிறு சீவிக்கொண்டிருந்த அம்சவல்லி சிரித்துவிட்டாள். "பி.காமு வாய அடைச்சிட்டாரே கணக்குப்புள்ள!"

சொர்ணாம்பாள் சிரிக்கவில்லை. "இந்தா பாருங்க, ரெண்டு பேருக்கும் சம்பளம் குடுக்க என்னால ஆவாது. கார்த்திக தீபம் வரைக்கும் ரெண்டு பேரும் இருங்க. அப்புறம் ஒருத்தருதான். எனக்கு யாரு வேணுமோ நான் சொல்றேன். அப்ப யாரும் மூஞ்சத் தூக்கக் கூடாது."

தேவநாதன் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். தேவநாதன் குடும்பத்துக்கும் அந்தச் சம்பளம்தான் ஆதாரம் என்று எனக்குத் தெரியும். பட்டப்படிப்பின் முன்னால் அவருடைய எட்டாம் வகுப்பு எத்தனை நாள் நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஷெட்டில் இரண்டு சட்டங்கள் இருந்தன. இரண்டும் சொர்ணாம்பாள் வைத்தவை. சரக்கு அறைக்கு இரண்டு சாவி: ஒன்று அவர் இடுப்பில், ஒன்று தேவநாதனிடம். இன்னொன்று, பணப்பெட்டியிலிருந்து ஒரு காசு எடுத்தாலும், எடுப்பது முதலாளியே ஆனாலும், அன்றைக்கே தேவநாதனுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு, எந்த வகையில். வெற்றிலைக்கு ஐந்து காசு எடுத்தால்கூட "வெத்தல வகை அஞ்சு காசு எழுதிக்க" என்று குரல் கொடுப்பார்.

மத்தியானம் சொர்ணாம்பாளும் தேவநாதனும் நானும் ஒன்றாகச் சாப்பிடுவோம். சொர்ணாம்பாள் வீட்டு எலுமிச்சங்காய் ஊறுகாயில் பெரிய துண்டு எப்போதும் தேவநாதன் தூக்குக்குத்தான் போகும். "அவரு திட்டக்குடிலேருந்து வராருப்பா, ஆறிப்போன சோறு" என்பார். கருவேப்பிலங்குறிச்சிச் சோறு மட்டும் சூடாகவா இருக்கும் என்று நான் கேட்டதில்லை.

ஒரு மாதம் பழைய நோட்டுகளில் மூழ்கிக் கிடந்தேன். தேவநாதனின் எழுத்து அச்சடித்தது போல இருக்கும். அடித்தல் திருத்தல் இருக்காது. சூளைக்குக் கட்டிய கூலியை வைத்து, மூன்று வருடத்தில் எத்தனை கட்டைகள் வெந்தன என்று கணக்கிட்டேன். நூற்றுக்குப் பத்து உடைசல் கழித்தேன். விற்றதைக் கழித்தேன். சரக்கு அறையில் இருப்பதை எண்ணிக் கழித்தேன். ஆயிரத்து நூறு டஜன் குறைந்தது.

மறுபடி போட்டேன். மறுபடியும் அதே ஆயிரத்து நூறு டஜன்.

அப்போது எனக்கு வருத்தம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. இதைக் கண்டுபிடிக்கத்தானே அக்கவுண்டன்ட்! தேவநாதன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துச் சொர்ணாம்பாளிடம் தாளைக் காட்டினேன்.

"கூலி கட்டியிருக்குதுங்க. வெந்திருக்குது. ஆனா விக்கல, அறையிலயும் இல்ல."

"அப்ப எங்க போச்சு?"

"சாவி ரெண்டு பேருகிட்டதானே இருக்குது."

அவர் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கணக்குப்புள்ளகிட்டயும் கேக்காத, இவருகிட்டயும் சொல்லாத" என்று கணவர் இருந்த பக்கம் கையைக் காட்டினார். "ஆறு வருஷமா என் கைச்சோறு தின்ன மனுசன். போலீசுக்குப் போயி அசிங்கப்படுத்த மாட்டேன். கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டிடுவோம். அவரு பாத்துக்குவாரு."

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். கோர்ட்டில் மனுப் போடுவது போல, யார் என்ன அநியாயம் செய்தார் என்று பேரும் ஊரும் போட்டுக் காகிதத்தில் எழுதி, அங்கே முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவார்கள். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு கிடைக்கும் என்பது நம்பிக்கை. பிராதுக்கு ஒரு கட்டணம். அதற்கு மேல், முனியப்பர் எதிராளியின் ஊருக்குப் போய் வர வேண்டுமே, அதற்குக் கிலோமீட்டர் கணக்கில் படி. காரியம் முடிந்துவிட்டால், கட்டியவரே போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்ப எடுக்க வேண்டும்.

பி.காம். படித்தவன் நான், இதில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று அவர் கேட்கவில்லை. "உன் கையெழுத்து நல்லா இருக்குது, நீயே எழுது" என்றார். எழுதினேன். தணிக்கை அறிக்கை மாதிரி எழுதினேன். திட்டக்குடி தேவநாதன் என்று தெளிவாகப் போட்டேன். அவர் பெயருக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தேன். அந்தக் கோட்டைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை குதிரை வண்டி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் போய்க் கட்டிவிட்டு, பகல் சாப்பாட்டுக்குள் திரும்பிவிட்டோம். வந்ததும் சொர்ணாம்பாள் தன் சட்டப்படி தேவநாதனிடம் சொன்னார். "வண்டிக்கு ஒரு ரூவா. கோயிலுக்கு மூணு ரூவா அறுவது காசு. எழுதிக்குங்க."

"என்னா வகைங்கம்மா? அர்ச்சனையா?"

"கோயில் வகைன்னு எழுதுங்க, போதும்."

எழுதினார். மை காய ஊதினார். அன்றைக்குச் சாப்பாட்டில் ஊறுகாய் எடுக்க மறந்துவிட்டதாகச் சொர்ணாம்பாள் சொன்னார். அதற்குப் பிறகு ஒருநாளும் எடுத்து வரவில்லை. தேவநாதனுடன் பேசும்போது அவர் பார்வை நோட்டின் மேலேயே இருக்கும். தேவநாதன் வழக்கம் போல முதல் பஸ்ஸில் வந்தார், எழுதினார், பெட்டியைச் சரிபார்த்தார், "போயிட்டு வரேங்கம்மா" என்று தினமும் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் மட்டும் "பட்டதாரி" என்று கிண்டல் செய்வதை நிறுத்தியிருந்தார். நான்தான் ஜெயித்துவிட்டேன் என்பதற்கு அதை அடையாளமாக எடுத்துக்கொண்டேன். சந்தை நாளில் ஊருக்குத் திரும்பும்போது மாட்டுச் சந்தையில் விலை விசாரித்தேன்.

ஐப்பசி பாதியில் மழை பிடித்தது. ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஷெட்டில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மூலையில் தரை ஒரு பக்கமாக இறங்கியது. நாற்காலி ஆடியது. ஒரு காலுக்குக் கீழே செங்கல் வைத்துப் பார்த்தேன். மறுநாள் செங்கலும் உள்ளே போய்விட்டது. சொர்ணாம்பாள் ஆள் விட்டுத் தோண்டி மறுபடி கெட்டிப்படுத்தச் சொன்னார். ஒரு சாண் மண்ணை எடுத்ததும் மண்வெட்டி கடகடவென்று சத்தம் போட்டது. வெள்ளை வெளேரென்று ப்யூஸ் கட்டைகள். தோண்டத் தோண்டக் கட்டைகள்.

சொர்ணாம்பாள் குனிந்து இரண்டை எடுத்துத் தட்டினார். "வெடிச்சது" என்றார். இன்னும் இரண்டு. "இதுவும் வெடிச்சது." பிறகு புருஷனைப் பார்த்தார். "என்னாங்க இது?"

பழமலை கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டார். "அறுபத்தொம்பது மழையில போட்டது. நீ வேப்பூருல பொண்ணு பிரசவத்துக்குப் போயிருந்த. நான்தான் ஈரம் காயாம சூளைக்கு ஏத்திப்புட்டேன். மொத்தமும் வெடிச்சுப் போச்சு. தரையும் எறங்கிக் கெடந்தது. அதுலயே கொட்டி மண்ணப் போட்டு மூடினோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா திட்டுவ."

"கணக்குப்புள்ளகிட்ட?"

"அந்த எட்டு நாளும் திட்டக்குடி பஸ்ஸு ஓடலயே. அப்புறம் என்னாத்த சொல்றது? காசு வந்துதா, காசு போச்சா?"

அம்சவல்லி இடையில் புகுந்தாள். "நாங்கதானேக்கா கூடையில அள்ளிக் கொட்டினோம். கேட்டிருந்தா சொல்லியிருப்போம்ல!"

ஒரு கெஜம் தோண்டி எண்ணி, மூலை முழுவதற்கும் பெருக்கிப் பார்த்தேன். ஆயிரத்து நூறுக்குச் சற்றுக் கூடவே வந்தது. காணாமல் போன சரக்கின் மேலேயே இத்தனை நாளும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டுதான் அதைத் தேடியிருக்கிறேன். தேவநாதன் எழுதியதில் பிசகு இல்லை; காசு நகராத எதுவும் அவர் நோட்டுக்கு வராது. அதைத் தெரிந்துகொண்டு, நோட்டில் இல்லாததை நாலு பேரிடம் கேட்டு எழுத வேண்டியவன் நான். சாவி எத்தனை என்று பார்த்தேனே தவிர, பழமலை அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தேவநாதன் தன் மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சொர்ணாம்பாள் அவர் முன்னால் போய் நின்றார். முதலாளி உட்கார்ந்தும் கணக்குப்பிள்ளை நின்றும்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மாறியிருந்தது. அவர் எழுந்திருக்கப் போனார், இவர் விடவில்லை.

"கணக்குப்புள்ள, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஒரு தப்பு..."

"தெரியுங்கம்மா."

நோட்டைப் பின்னால் தள்ளி, அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை எடுத்து அவர் பக்கம் திருப்பினார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் விரலை வைத்துக் காட்டிச் சொன்னார். "கோயில் வகை மூணு ரூவா அறுவது காசு. அர்ச்சனைக்கு அம்மாம் ஆவாது. பிராதுக்கு அம்பது காசு. மீதி மூணு ரூவா பத்துக் காசு. கிலோமீட்டருக்குப் பத்துக் காசுன்னா முப்பத்தொண்ணு. கோயில்லேருந்து வேப்பூரு அம்மாம் தூரம் வராது. கருவேப்பிலங்குறிச்சி பாதிகூட வராது. திட்டக்குடி, எங்க தெரு வரைக்கும் சரியா முப்பத்தொண்ணு. நம்ம ஷெட்டுல திட்டக்குடியான் நான் ஒருத்தன்தானே."

சொர்ணாம்பாள் அந்த வரியின் மேல் தன் விரலை வைத்தார்.

"அன்னிக்கே தெரியுமா?"

"எழுதும்போதே தெரியும்."

"அப்புறம் ஏன்யா ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்க கோயில் வகைன்னு சொன்னீங்க. நான் எழுதிட்டேன். அதுக்கு மேல கேக்கறது என் வேல இல்லீங்க. முனியப்பரு வந்தா வரட்டும், விசாரிக்கட்டும்னு வாசக்கதவ மட்டும் சாத்தாம வெச்சிருந்தேன். தெருநாய்தான் வந்துச்சு." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பேனாவை மூடித் திறந்து மறுபடி மூடினார். "பொண்டாட்டிகிட்டகூட சொல்லலம்மா. அவ நம்பிட்டா என்னா பண்றது?"

சொர்ணாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. மூன்று பேரும் மணவாளநல்லூர் போனோம். ராஜினாமா எழுத நான் பேனாவை எடுத்தேன். "நீ வேணாம்பா, நீ எழுதினது போதும்" என்று சொல்லிவிட்டார் சொர்ணாம்பாள். யார் எழுதுவது? அவருக்கு எழுதத் தெரியாது. பூசாரி கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். கடைசியில் தேவநாதனே, தன் மேல் போட்ட பிராதுக்குத் தானே ராஜினாமா எழுதினார். "எதிராளி பேரு என்ன?" என்று பூசாரி கேட்டார். "நான்தாங்க" என்றார். பூசாரி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சொர்ணாம்பாள் கீழே பெயரைப் போட்டார். வழக்கம் போல 'ம்' வந்ததும் பேனா சற்று நின்று, பிறகு நகர்ந்தது.

கார்த்திகை தீபத்துக்கு முன்பே மூன்று ஐந்தொகையையும் முடித்துக் கொடுத்தேன். பாங்கு ஏஜெண்டு சுத்தமாக இருக்கிறது என்றார். கடன் கிடைத்தது. அதைக் கேட்டதும் எனக்கு மறுபடி கொஞ்சம் தைரியம் வந்தது. வேலை எனக்குத்தான் என்று நினைத்தேன்.

தீபத்துக்கு மறுநாள் சொர்ணாம்பாள் கூப்பிட்டார். அன்றைக்கு ஊறுகாய்ப் பாத்திரம் வந்திருந்தது.

"தம்பி, நீ எழுதிக் குடுத்தது நல்லா இருக்குது. அது இல்லன்னா மிஷினு இல்ல. ஆனா அது எனக்கு வருஷத்துக்கு ஒருக்காதான் வேணும். அவரு எழுதறது தெனம் வேணும். வருஷத்துக்கு ஒரு வாரம் வந்து எழுதிக் குடு, எழுவத்தஞ்சு ரூவா தரேன். பக்கத்து ஷெட்டுங்களுக்கும் சொல்றேன். மாசச் சம்பளம் அவருக்குத்தான்."

"பிராது நான் எழுதினதுனாலயாங்க?"

"எழுதினது நீ. கட்டினது நான். என்னை நானே வேலய வுட்டுத் தூக்க முடியுமா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "தப்பு பண்ணது நாம ரெண்டு பேரு. அதுக்கு அவரு வூட்டுக்குப் போவணும்னா, அப்புறம் நான் எந்தக் கோயிலுக்குப் போவேன்?"

மூஞ்சியைத் தூக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். தூக்காமல் இருக்கப் பார்த்தேன். ஊருக்குத் திரும்பும் வழியில் சந்தைப் பக்கம் பார்க்கவில்லை. அப்பாவிடம் வேலை முடிந்துவிட்டது என்றேன். அவர் தூக்கைத் திறந்து பார்த்தார். சொர்ணாம்பாள் வைத்த ஊறுகாய், பெரிய துண்டு.

சொன்னபடி நான்கு ஷெட்டுகளில் சொன்னார். அந்தச் சித்திரையில் ஐந்து ஐந்தொகை போட்டேன். அடுத்த வருடம் ஒன்பது. அந்தப் பணத்தில் வாங்கிய முதல் ஜோடி மாட்டை முளையில் கட்டிய அன்று அப்பா வேட்டி மாற்றாமலே தெருவைச் சுற்றி வந்தார்.

இப்போது கடலூரில் உத்தியோகம். இருந்தாலும் ஒவ்வொரு சித்திரையிலும் லீவு போட்டுக்கொண்டு சொர்ணாம்பாள் ஷெட்டுக்குப் போய்விடுகிறேன். மிஷின் ஓடுகிறது, மண் தூசி பழைய மாதிரியே தொண்டையைப் பிடிக்கிறது. எழுதுவதற்கு முன்னால் பழமலை அண்ணனிடமும் அம்சவல்லியிடமும் போய் உட்கார்ந்து, எது உடைந்தது, எங்கே கொட்டினீர்கள் என்று கேட்கிறேன். "பி.காமு விசாரணைக்கு வந்துடுச்சு" என்பாள் அம்சவல்லி. எழுதி முடித்ததும் தேவநாதன் உரக்கப் படிக்க, சொர்ணாம்பாள் கேட்பார். சரக்கு இருப்பில் கடைசி வரியைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டார். எட்டு வருடமாக அந்த வரி மாறவில்லை: 'தரைக்குள் கிடக்கும் வெடித்த கட்டைகள், ஏறத்தாழ ஆயிரத்து நூறு டஜன், மதிப்பு இல்லை.' புதிதாக வருகிற ஒவ்வொரு பாங்கு ஏஜெண்டும் இது எதற்கு என்று கேட்பதுண்டு. "அது இருக்குதுங்க, அதான்" என்பார் சொர்ணாம்பாள்.

இந்த முறை கிளம்பும்போது தேவநாதன் என் பஸ் செலவைக் கொடுக்கப் பெட்டியைத் திறந்தார்.

"கடலூருக்கு எத்தன கிலோமீட்டரு, தம்பி?"

"சரியாத் தெரியாதுங்க."

"தெரிஞ்சு வெச்சுக்க" என்றார். "பின்னால யாராச்சும் உம்மேல பிராது கட்டுனா கண்டுபிடிக்கணும்ல?"

சொர்ணாம்பாள் சிரித்த சிரிப்பில் அம்சவல்லி கையிலிருந்த கட்டை நழுவிக் கீழே விழுந்தது. "ஒண்ணு ஒடஞ்சுது, எழுதிக்குங்க" என்றாள். தேவநாதன் என்னைப் பார்த்தார். நான் பையை இறக்கி வைத்துவிட்டு எழுதிக்கொண்டேன்.